பழைய ஹெச்டிஎஃப், எஸ்ஜிஐ, ஏவிஎஸ், ஃபிட்ஸ் படங்களை இப்போ திறக்குற வடிவத்துக்கு மாத்துறது எப்படி?

ஆத்தங்கரை (பாளையங்கோட்டை)

துறையில ஒரு பெட்டி நிறைய பழைய சிடி கிடக்கு. எல்லாம் 90களோட கடைசியில எழுதினது. மன்னார் வளைகுடாவோட கடல்மேற்பரப்பு வெப்பநிலைப் படம், தாமிரபரணி வடிநிலத்து நிலப்பயன்பாட்டு வகைப்பாடு, சில முப்பரிமாணக் கணக்கீடு. நீட்சியெல்லாம் கலந்துகட்டி இருக்கு: ஹெச்டிஎஃப், ஆர்ஜிபி, எக்ஸ், எஃப்எல்டி, ராஸ், ஃபிட், லான், ஜிஐஎஸ். பிஎன்ஜி இல்லன்னா டிஃப் ஆக்கணும். மெஷின் உபுண்டு.

இமேஜ்மேஜிக்னு படம் மாத்துற நிரல்ல கன்வெர்ட் கட்டளை போட்டுப் பாத்தாச்சு. ஆர்ஜிபி கோப்பு எல்லாம் "படத்தோட அளவைச் சொல்லு"ன்னு பிழை காட்டுது. எக்ஸ் கோப்பு பிஎன்ஜி ஆகுது, ஆனா திறந்தா ஒண்ணுமே தெரியல. லான் கோப்பு திறக்கவே இல்ல. எங்கேருந்து ஆரம்பிக்க?

தேரிக்காடு (திசையன்விளை)

மொதல்ல மாத்துறத நிறுத்துங்க. நீட்சிய நம்பாதீங்க. ஒவ்வொரு கோப்புக்கும் ரெண்டு விஷயம் எழுதி வைங்க: மொத்த பைட் எண்ணிக்கை, மொத 16 பைட். பைட்டைப் பாக்க எக்ஸ்எக்ஸ்டி கட்டளை போதும். இந்த ரெண்டு இருந்தா முக்கால்வாசி வேலை முடிஞ்சது.

மொத பைட்டை வச்சு இனம் காணுறது (எல்லாம் பதினாறடிமான எண்): 01 டிஏ, அதாவது பத்தடிமானத்துல 474, வந்தா எஸ்ஜிஐ. 59 ஏ6 6ஏ 95 வந்தா சன் ராஸ்டர். 0இ 03 13 01 வந்தா ஹெச்டிஎஃப்4. 89னு ஆரம்பிச்சு அடுத்த மூணு எழுத்து "ஹெச்டிஎஃப்"னு படிக்கக் கிடைச்சா ஹெச்டிஎஃப்5. அது ரெண்டும் பேர்லதான் ஒண்ணு, உள்ள வேற வேற. "சிம்பிள்"னு ஆங்கில எழுத்து வந்தா ஃபிட்ஸ். "ஹெட்74"னு வந்தா ஈர்டாஸ் 7 காலத்து லான் அல்லது ஜிஐஎஸ். "# ஏவிஎஸ்"னு வந்தா ஏவிஎஸ் ஃபீல்டு. ஏவிஎஸ் எக்ஸ் படத்துக்கு மட்டும் அடையாளக் குறியே கிடையாது. நேரா அகலம், உயரம்னு ரெண்டு 32 பிட் எண்.

அளவுக் கணக்கு இப்படி. 512×512 படத்துக்கு 262144 புள்ளி. கோப்பு 786944 பைட்னா, 262144×3 + 512 பைட் தலைப்பு (படத்தப் பத்தின விவரம் இருக்குற கோப்போட முன்பகுதி): சுருக்காத எஸ்ஜிஐ. 1048584னா 262144×4 + 8: ஏவிஎஸ் எக்ஸ். 262944னா 262144 + 768 பைட் வண்ண அட்டவணை + 32 பைட் தலைப்பு: 8 பிட் சன் ராஸ்டர். 529920னா 16 பிட் ஃபிட்ஸ், ஏன்னா ஃபிட்ஸ்ல எல்லாமே 2880 பைட் கட்டையா முழுசாகணும்: தலைப்பு ஒரு கட்டை, தரவு 183 கட்டை. கணக்கு ஒத்துவராத கோப்பு சுருக்கினதா இருக்கும், இல்ல கெட்டுப்போனதா இருக்கும். ரெண்டையும் தனியா ஒதுக்குங்க.

பொதிகையடி (அம்பாசமுத்திரம்)

ஆர்ஜிபி பிழைக்குக் காரணம் சின்னது. இமேஜ்மேஜிக்குக்கு ஆர்ஜிபி நீட்சின்னா தலைப்பில்லாத வெறும் பைட் வரிசை. சிலிக்கான் கிராஃபிக்ஸ்காரங்க அதே நீட்சிய அவங்க வடிவத்துக்கு வச்சாங்க. கோப்புப் பேருக்கு முன்னால எஸ்ஜிஐன்னு போட்டு ஒரு முக்காற்புள்ளி வச்சா திறந்துரும். எக்ஸ் கோப்புக்கும் அதே மாதிரி ஏவிஎஸ் முன்னொட்டு போட்டுக்கிடுங்க.

கல்லிடை (கல்லிடைக்குறிச்சி)

எக்ஸ் கோப்பு வெறுமையா வர்றதுக்கு வேற காரணம். ஏவிஎஸ் எக்ஸ் படத்துல ஒவ்வொரு புள்ளிக்கும் நாலு பைட்: ஆல்ஃபா, சிவப்பு, பச்சை, நீலம். புள்ளி எவ்வளவு ஊடுதெரியணும்னு சொல்ற ஆல்ஃபாதான் முன்னால வரும். அந்தக் காலத்து நிரல் பலதும் ஆல்ஃபாவ சீண்டாம 0ன்னே விட்டுரும், ஏன்னா திரையில காட்ட அது தேவையில்ல. பிஎன்ஜி அந்த 0ஐ மதிக்குது: முழுக்க ஊடுதெரிவு. வண்ணம் எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. கன்வெர்ட்ல ஆல்ஃபா ஆஃப் கொடுங்க, படம் வந்துரும்.

இன்னொண்ணு. அந்த அகல உயரம் பெரிய முனை முன்னால வர்ற (பிக் எண்டியன்) வரிசையில இருக்கணும். 512னா 00 00 02 00. சின்ன முனைய முன்னால வைக்கிற லிட்டில் எண்டியன் மெஷின்ல எழுதினது 00 02 00 00ன்னு இருக்கும். அதை அப்படியே படிச்சா அகலம் 131072னு வரும், நிரல் நினைவகம் போதலன்னு நின்னுரும். அப்படி இருந்தா மொத 8 பைட்டை மட்டும் நாலு நாலா திருப்பிப்போட்டா போதும். புள்ளிகள் ஒத்தை ஒத்தை பைட்டா இருக்குறதால அதுல கைவைக்க வேண்டாம்.

எஸ்ஜிஐ பத்தி: தலைப்புல மூணாவது பைட் 0ன்னா சுருக்காதது, 1ன்னா ஆர்எல்இ முறையில சுருக்கினது. நாலாவது பைட் ஒரு வண்ணத்துக்கு எத்தன பைட்னு சொல்லும், 1 அல்லது 2. 2ன்னு இருக்குற கோப்ப 8 பிட் பிஎன்ஜி ஆக்கிராதீங்க, பாதித் தகவல் போயிரும். 16 பிட் டிஃப் இல்லன்னா 16 பிட் பிஎன்ஜிதான் சரி. எஸ்ஜிஐல மொத வரி படத்தோட அடிவரி. இமேஜ்மேஜிக்கும், நெட்பிபிஎம்ங்கிற கருவித்தொகுப்போட எஸ்ஜிஐ-டு-பிஎன்எம்மும் அதைத் திருப்பித் தந்துரும். கையால படிச்சா நீங்கதான் திருப்பணும்.

ஆத்தங்கரை

ரெண்டும் சரியாயிட்டு அக்கா. ஆர்ஜிபி, எக்ஸ் எல்லாம் வந்துட்டு. ராஸ் கோப்புல ஒரு விசித்திரம்: 8 பிட் எல்லாம் சுத்தமா வருது, 24 பிட் கோப்புல சிலது மட்டும் கடல் செம்மண் நிறத்துல, தேரி மணல் நீலத்துல வருது.

தேரிக்காடு

சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கு. சன் ராஸ்டர் தலைப்பு எட்டு 32 பிட் எண்: அடையாளம், அகலம், உயரம், ஆழம், நீளம், வகை, அட்டவணை வகை, அட்டவணை நீளம். ஆறாவதா வர்ற வகைய பாருங்க. 1ன்னா நீலம்-பச்சை-சிவப்பு வரிசை. 3ன்னா சிவப்பு-பச்சை-நீலம். வகை 1ன்னு எழுதிட்டு உள்ள சிவப்ப முன்னால வச்ச நிரல்கள் உண்டு, வாசிக்கிற நிரல் மேல தப்பில்ல. அந்த ஒருசில கோப்புக்கு மட்டும் வகை எண்ணை 3 ஆக்கிட்டு மறுபடி மாத்துங்க. மொத்தத் தொகுதிக்கும் போட்டுறாதீங்க, சரியா இருந்தது கெட்டுரும்.

வகை 2 சுருக்கினது. அதுல 128ங்கிற பைட் தப்பிப்புக் குறி. ஒவ்வொரு வரியும் 16 பிட் எல்லையில முடியணும், அதனால அகலம் ஒற்றைப்படையா இருந்தா 8 பிட் படத்துல வரிக்கு ஒரு பைட் கூட வரும். அளவுக் கணக்கு போடும்போது அந்த ஒண்ணை விட்டா உதைக்கும்.

சந்திப்பு (திருநெல்வேலி டவுன்)

எதுக்கு இவ்வளவு பாடு? திரையில திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஜேபெக்கா வச்சா போதாதா? ஆய்வறிக்கையில ஒட்டத்தானே.

கல்லிடை

ஒட்ட மட்டும்னா தாராளமா செய்யுங்க தம்பி. ஆனா வெப்பநிலைப் படத்துல புள்ளியோட எண்தான் விஷயம், நிறம் அதுக்கு மேல போட்ட சட்டை. 8 பிட் கோப்புல 210ன்னு ஒரு புள்ளி இருக்கு, கோப்போட பண்புல சாய்வு 0.15, வெட்டு −3ன்னு எழுதியிருக்குன்னு வைங்க: 0.15×210 − 3 = 28.5 டிகிரி. ஜேபெக் ஆக்கினா அந்த 210 பக்கத்துப் புள்ளியோட கலந்து வேற எண்ணாகிரும், கரையோரத்துல இல்லாத வெப்பநிலை முளைக்கும். நிலத்தை மறைக்க 0 போட்டிருந்தா இன்னும் மோசம், கடற்கரை நெடுக நாலஞ்சு புள்ளி அகலத்துக்கு அழுக்குப் படியும்.

பொதிகையடி

பிஎன்ஜி ஆக்குனாலும் இதுல ஒரு குழி இருக்கு. அட்டவணை வச்ச 8 பிட் படத்த இமேஜ்மேஜிக்ல போட்டா, பயன்படாத நிறத்தத் தூக்கிட்டு அட்டவணைய மறுபடி அடுக்கும். கண்ணுக்குப் படம் அதேதான், ஆனா 210 இப்போ 143 ஆகியிருக்கும். நெட்பிபிஎம் வழியா போனாலும் இதே கதை, ஏன்னா அங்க நடுவுல அட்டவணையே கிடையாது. எண் மாறக்கூடாதுன்னா பைத்தான்ல பில்லோ வச்சு, பைட்டுகளை "பி" முறைப் படமா ஏத்தி, 768 பைட் அட்டவணைய நீங்களே கொடுத்துச் சேமிங்க. சேமிச்சதை மறுபடி திறந்து மூலப் பைட்டோட ஒப்பிட்டுப் பாக்க ஒரு வரி போதும்.

ஆத்தங்கரை

அப்போ ஹெச்டிஎஃப்லேருந்து அந்த வெறும் பைட்டை எப்படி எடுக்க? இமேஜ்மேஜிக் ஹெச்டிஎஃப் தெரியாதுங்குது.

கல்லிடை

முன்னால இமேஜ்மேஜிக்ல அந்த ஆதரவு இருந்துச்சு, பிறகு எடுத்துட்டாங்க. உபுண்டுல ஹெச்டிஎஃப்4-டூல்ஸ்னு ஒரு பொதி இருக்கு, அதைப் போடுங்க. இல்லினாய்ஸ்ல என்சிஎஸ்ஏ மையத்துல உருவான பழைய கருவிகளோட தொடர்ச்சி அது.

மொதல்ல ஹெச்டிஎஃப்எல்எஸ் ஓட்டுங்க. உள்ள என்னென்ன பொருள் இருக்குன்னு எண்ணோட காட்டும். கவனிக்க வேண்டிய எண் மூணு வகை. 306 வந்தா ராஸ்டர் படத் தொகுதி. 201, 202 வந்தா இன்னும் பழைய 8 பிட் படத்தோட அட்டவணையும் (201) அந்தப் படமும் (202). 702, 720 வந்தா அது படமே இல்ல, அறிவியல் தரவு அணி. பின்னப்புள்ளி எண்ணாக் கூட இருக்கலாம். ஒரே கோப்புல மூணும் இருக்கலாம். அப்படி இருந்தா 720தான் மூலம், 306 அதைப் பாக்க வச்ச முன்னோட்டம். முன்னோட்டத்த மாத்தி வச்சுக்கிட்டு மூலத்த விட்டுறாதீங்க.

ராஸ்டர் படத்துக்கு ஹெச்டிஎஃப்-டு-ஆர்8. அது தலைப்பில்லாத பைட் கோப்பும் 768 பைட் அட்டவணைக் கோப்பும் தனித்தனியா துப்பும். தலைப்பு இல்லாததால அகல உயரத்த அங்கேயே கோப்புப் பேருல சேத்து எழுதிருங்க, பிறகு தேடினா கிடைக்காது.

அட்டவணைதான் அடி வாங்குற இடம். 768 பைட்டை ரெண்டு விதமா அடுக்கலாம்: சிவப்பு-பச்சை-நீலம், சிவப்பு-பச்சை-நீலம்னு மூணு மூணா, அல்லது 256 சிவப்பு, பிறகு 256 பச்சை, பிறகு 256 நீலம். எதுன்னு பாக்க ஒரு சாம்பல்நிற அட்டவணைய எடுங்க. 0 0 0 1 1 1 2 2 2ன்னு போனா மொத வகை. 0 1 2 3 4 5ன்னு போனா ரெண்டாவது. பில்லோவுக்கு மொத வகைதான் வேணும். தப்பா கொடுத்தா படத்தோட வடிவம் சரியா இருக்கும், நிறம் மட்டும் விசிறி விட்ட கோலப்பொடி மாதிரி வரும்.

அறிவியல் தரவு அணிக்கு ஜிடால்ங்கிற புவிப்படக் கருவி சுலபம். ஜிடால்-இன்ஃபோ போட்டா உள்தரவுகளோட நீளமான பேரப் பட்டியல் போடும்; அதுல ஒண்ணை அப்படியே மேற்கோள்குறிக்குள்ள எடுத்து ஜிடால்-டிரான்ஸ்லேட்டுக்குக் கொடுங்க, டிஃப் வரும். மொதல்ல ஃபார்மட்ஸ் விருப்பத்தப் போட்டு ஹெச்டிஎஃப்4 பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. உபுண்டு பொதியில இருக்கும். கோண்டா-ஃபோர்ஜ்லேருந்து புது ஜிடால் போட்டவங்களுக்கு ஹெச்டிஎஃப்4 தனிப் பொதி. அதப் போடாம கோப்பு கெட்டுட்டுன்னு நினைச்சுக்கிடக்கூடாது.

சந்திப்பு

சரி அக்கா, ஜேபெக் வாபஸ். ஃபிட் கோப்புக்கு மட்டும் ஒரு கேள்வி: வரிசையா மாத்தி அசைபடம் ஆக்கினா வெளிச்சம் படத்துக்குப் படம் துடிக்குது. ஏன்?

தேரிக்காடு

ஃபிட்ஸ்ல 16 பிட், 32 பிட், பின்னப்புள்ளி எல்லாம் வரும். தலைப்புல பிட்பிக்ஸ் −32ன்னா 32 பிட் பின்னப்புள்ளி. அதத் திரைக்கு 0–255 ஆக்கணும்னா எது கறுப்பு, எது வெள்ளைன்னு யாராவது முடிவு பண்ணணும்லா. நீங்க சொல்லலன்னா நிரல் அந்த ஒரு படத்தோட சிறும பெருமத்த எடுத்துக்கும். அடுத்த படத்துல ஒரு பிரகாசமான புள்ளி இருந்தா மத்ததெல்லாம் இருட்டாகும். அதான் துடிப்பு.

மொத்தத் தொகுதிக்கும் ஒரே சிறுமம், ஒரே பெருமம் வைங்க. நெட்பிபிஎம்மோட ஃபிட்ஸ்-டு-பிஎன்எம்ல மின், மேக்ஸ்னு ரெண்டு விருப்பம் இருக்கு. கொடுக்கலன்னா அது தலைப்புல டேட்டாமின், டேட்டாமேக்ஸ் இருக்கான்னு பாக்கும், இல்லன்னா படத்தத் துழாவி எடுக்கும்.

உண்மையான மதிப்பு வேணும்னா பிஸீரோ + பிஸ்கேல் × சேமிச்ச எண். பிஸீரோ 32768ன்னு இருந்தா பயப்பட வேண்டாம்: ஃபிட்ஸ்ல 16 பிட் எண் குறியோடதான் இருக்கும், குறியில்லாத எண்ண அடக்க அப்படி நகட்டி வைப்பாங்க. அதக் கவனிக்காம படிச்சா பாதிப் படம் எதிர்ம எண்ணாகும்; அத அப்படியே குறியில்லாத எண்ணா எழுதினா வெளிச்சமும் இருட்டும் நடுவுல வெட்டி ஒட்டின மாதிரி வரும்.

திசை: ஃபிட்ஸோட மொத வரி அடிவரி. பைத்தானோட ஆஸ்ட்ரோபைல திறந்து நேரா பிஎன்ஜி எழுதினா தலைகீழ். மன்னார் வளைகுடாப் படத்துல சோதிக்கிறது லேசு: இலங்கை வலப்பக்கம், கன்னியாகுமரி இடது கீழ், ராமேஸ்வரம் மேல. கன்னியாகுமரி மேல போயிட்டா மேல்கீழ் மாறியிருக்கு. இலங்கை இடப்பக்கம் வந்தா இடவலம். ரெண்டும் சேந்து மாறினா படம் 180 பாகை சுத்தியிருக்கு, அதுக்கு மேல்கீழ் மட்டும் திருப்பினா தீராது.

ஆத்தங்கரை

லான், ஜிஐஎஸ் ரெண்டையும் ஜிடால் திறந்துட்டு. லான் நல்லா வருது. ஜிஐஎஸ் வகைப்பாட்டுப் படம்தான் மொத்தமும் கறுப்பு.

பொதிகையடி

கறுப்பு இல்ல, மதிப்பு 1லேருந்து 12க்குள்ள இருக்கும். குளம் 1, நஞ்சை 2, கரிசல் 3ன்னு வகை எண்ணுதான் உள்ள இருக்கு. 255க்கு எதிரா 12 கண்ணுக்குக் கறுப்புதான். நிறமெல்லாம் அதே பேருல டிஆர்எல் நீட்சியோட கூட வந்த கோப்புல இருக்கும். சிடியில தேடுங்க, அதே அடைவுல அதே பேருல வச்சா ஜிடால் நிறத்த எடுத்துக்கும். கோப்புப் பேர மாத்துறவங்க ஒண்ண மாத்தி மத்தத விட்டுருவாங்க, அதுலதான் பிரியும்.

தலைப்பு 128 பைட், பிறகு தரவு. ஒத்தைப் பட்டை 1000×1200 படம்னா 1200128 பைட். நாலு பிட்டா அடைச்ச ஜிஐஎஸ் கோப்பு பாதி அளவுதான் இருக்கும், அது கெட்டதில்ல. வகைப் படத்த அளவு மாத்தினாலோ வேற ஒருங்கு முறைக்குக் கொண்டுபோனாலோ பக்கத்துப் புள்ளியோட எண்ணை அப்படியே எடுக்குற நியர் முறை மட்டும் போடுங்க. சராசரி எடுக்குற பைலீனியர் போட்டா குளத்துக்கும் கரிசலுக்கும் நடுவுல 2ன்னு சராசரி போட்டு, இல்லாத நஞ்சைய வரப்பு மாதிரி வரைஞ்சு வச்சிரும்.

லான் கோப்பு ஐஆர்எஸ்-1சிங்கிற இந்தியச் செயற்கைக்கோளோட எல்ஐஎஸ்எஸ்-3 கருவி எடுத்த படம்னா இன்னொண்ணு. அந்தக் கருவியில மூணு பட்டை 23.5 மீட்டர், குறுஅலை அகச்சிவப்பு மட்டும் 70.5 மீட்டர். நாலும் ஒரே லான்ல இருக்குன்னா நாலாவது பெருக்கப்பட்டதுதான்; அதுல நுணுக்கம் தேடாதீங்க.

ஆத்தங்கரை

இன்னும் ஒதுக்கி வச்சதுல ஒரு கட்டு பாக்கி. எல்லாம் 512×512 சன் ராஸ்டர், தலைப்பு சரியா இருக்கு, வகை 1, அட்டவணை 768. ஆனா எதுவும் 262944 பைட் இல்ல, கூடுதலா இருக்கு; ஒண்ணு 264010 பைட். திறந்தா நிறமும் தப்பு, படமும் கீழ போகப்போக ஒரு பக்கமா சரிஞ்சுக்கிட்டே போகுது.

தேரிக்காடு

1066 பைட் கூட. எஃப்டிபிங்கிற கோப்பு அனுப்புற வழியில ஆஸ்கி (எழுத்து) முறையில இழுத்த கோப்பு இது. எழுத்துக் கோப்புன்னு நினைச்சு, எங்க 10ங்கிற பைட் இருந்துச்சோ அங்கெல்லாம் முன்னால 13ஐச் சொருகியிருக்கு. 262144 புள்ளியில 256க்கு ஒண்ணுன்னு வச்சாலும் சுமார் ஆயிரம் வரும், ஒத்துப்போகுது. அட்டவணையிலயும் 10 இருந்ததால நிறம் நகந்துச்சு. ஒவ்வொரு சொருகலுக்கும் படம் ஒரு புள்ளி தள்ளிப்போகுது, அதான் சரிவு.

சரிபாக்க ரெண்டு எண்ணு: கோப்புல 13க்கு அடுத்து 10 வர்ற ஜோடி சரியா 1066 இருக்கணும், முன்னால 13 இல்லாத தனி 10 ஒண்ணுகூட இருக்கக்கூடாது. ரெண்டும் ஒத்துவந்தா பைத்தான்ல பைட்டாத் திறந்து எல்லா 13-10 ஜோடியையும் ஒத்தை 10 ஆக்குங்க. முழுசா மீளும். மூலத்துலயே 13-10 இருந்திருந்தா அது 13-13-10 ஆகியிருக்கும், இதே மாற்றத்துல அதுவும் சரியாயிரும். பைட்டாத் திறக்காம எழுத்தாத் திறந்தா பைத்தான் தனி 13ஐயும் 10 ஆக்கி இன்னொரு தடவ கெடுக்கும்.

எதிர்ப்பக்கமா நடந்து கோப்பு சின்னதாயிருந்தா வழியில்ல. எந்த 10க்கு முன்னால 13 இருந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. வேற படி தேடணும்.

ஆத்தங்கரை

ஜோடி 1066, தனி 10 இல்ல. கட்டு மொத்தமும் மீண்டுட்டு அண்ணாச்சி. பாக்கி எஃப்எல்டி மட்டும்.

கல்லிடை

எஃப்எல்டி முன்பாதி எழுத்து, பின்பாதி பைட். தலைப்ப லெஸ்ல திறந்து படிங்க: என்டிம், டிம்1, டிம்2, டிம்3, வெக்லென், டேட்டா. தலைப்பு முடியுற இடத்துல 12ங்கிற பைட் ரெண்டு அடுத்தடுத்து வரும். அதுக்கு மறு பைட்லேருந்து தரவு.

டிம்1தான் வேகமா மாறுறது. பைத்தானோட நம்பைல அதனால வரிசையத் திருப்பி டிம்3, டிம்2, டிம்1, கடைசியா வெக்லென்னு உருவம் கொடுக்கணும். டேட்டா ஃப்ளோட்டுன்னு மட்டும் இருந்தா பைட் வரிசை எழுதின மெஷினப் பொறுத்தது. எக்ஸ்டிஆர்-ஃப்ளோட்டுன்னு இருந்தா நிச்சயமா பெரிய முனை முன்னால. சந்தேகம்னா ரெண்டு விதமாவும் படிச்சு சிறுமம் பெருமம் பாருங்க. சரியான பக்கத்துல −1.2லேருந்து 3.7ன்னு மாதிரி மனுஷத்தனமா வரும். தப்புப் பக்கத்துல பத்தின் முப்பதாம் அடுக்கும் எண்ணல்லாததும் கலந்து வரும்.

சீரான ஃபீல்டுல தரவுக்கு அப்புறம் கடைசியில கொஞ்சம் பைட் மிஞ்சும்: எல்லைக் குறிகள், ஒவ்வொரு திசைக்கும் ரெண்டு ஃப்ளோட். முப்பரிமாணம்னா 24 பைட். மிச்சம் சரியா 24ன்னா உங்க கணக்கு சரி. அத வெட்டி எறியாம எழுதி வைங்க, படத்துக்கு அளவுகோல் அதுலதான் இருக்கு.

ஆத்தங்கரை

மிச்சம் 24தான் வருது. பெரிய முனையில படிச்சா எண்ணு ஒழுங்கா இருக்கு. டிம்3 திசையில வெட்டி ஒவ்வொரு அடுக்கையும் 32 பிட் டிஃபா எழுதிட்டேன்.